வலிக்காத முட்டி

லென் குபியாக்குக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்தேழு வருடம் அடுத்தவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே கழிந்துவிட்டது. பஃபலோ நகரத்து ஸ்டீமர்ஸ் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் பிசியோ. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது நெட்டை நெட்டையான பையன்கள் ஒவ்வொருவராக வந்து மேசைமேல் உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். ஒரு காலுக்கு ஒன்றரை நிமிடம். வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, பாதத்தில் ஒரு தட்டுத் தட்டி, "போ" என்பார். கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்களும் அந்தத் தட்டு விழுகிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். அது இல்லாமல் களத்தில் இறங்கினால் கால் பிசகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இதை யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால் லென் தெரியாது என்பார். அவரேதான் கிளப்பிவிட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

லென்னின் அப்பா லாக்கவானா இரும்பாலையில் வேலை பார்த்தவர். பிள்ளையும் அங்கேதான் போயிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தை முடிப்பதற்குள் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். ஊரே வேலை தேடித் தெற்கே கிளம்பியபோது லென் அசையவில்லை. உள்ளூர்க் கல்லூரியில் காயம் பார்க்கிற படிப்பைப் படித்தார், பள்ளிக்கூட மைதானங்களில் ஏழு வருடம் அடிபட்ட பையன்களைத் தூக்கித் திரிந்தார், பிறகு ஸ்டீமர்ஸில் சேர்ந்தார். டோரீனைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. பெரிய ஆசைகளும் இல்லை. அவரிடம் ஒரே ஒரு கர்வம்தான் இருந்தது. ஒருவன் ஆடலாம் என்று லென் சொன்னால் ஆடலாம், கூடாது என்று சொன்னால் கூடாது. மற்ற அணிகளின் பிசியோக்களும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அந்த ஆட்டப் பருவம் வந்து சேர்ந்தது.

அக்டோபரில் தொடங்கிய தோல்வி கிறிஸ்துமஸைத் தாண்டியும் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் தொடர்ந்து பதினாலு ஆட்டம் தோற்றார்கள். அரங்கத்தில் ஜனம் கேலிக்காகத் தலையில் காகிதப் பையை மாட்டி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. வானொலியில் ஒருத்தர், ஏரிப் பனியை அள்ளிப் போடுகிற வண்டிக்காரனை இறக்கினால்கூட இவர்களைவிட நன்றாகப் பந்து போடுவான் என்றார். இதெல்லாம் நேர்மையான தோல்வி. பையன்களுக்கு ஆட வரவில்லை, தோற்றார்கள், அதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வினை ஜனவரியில் ஜெயித்ததில் வந்தது. டெமரியஸ் ஹோல்ட் என்று ஓர் ஆட்டக்காரர். முப்பத்தொரு வயது, லூயிசியானாக்காரர், வயதில் பெரியவர்களை "மிஸ்டர்" போட்டுக் கூப்பிடுகிற வளர்ப்பு. அந்தப் பருவத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஓர் ஒப்பந்தம் கிடைத்தால் அதுதான் கடைசி என்று அவருக்கே தெரியும். அதனால் வெறியோடு ஆடினார். அவர் ஒருத்தர் போட்ட போட்டில் ஸ்டீமர்ஸ் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தது. ஜனம் காகிதப் பையைக் கழற்றியது. மாடியில் மட்டும் முகங்கள் இருண்டன.

மாடி என்றால் நிர்வாகம். அங்கே கணக்கு வேறு. கடைசி இடத்தில் நிற்கிற அணிக்குத்தான் கோடையில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். அந்த வருடம் பத்தொன்பது வயதில் ஒரு பையன் வரவிருந்தான். அவன் கிடைத்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று எல்லா ஊரிலும் பேச்சு. கேவலமாகத் தோற்றால்தான் அவன் கிடைப்பான். அப்படியிருக்க மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து நின்றால் மாடிக்கு வயிறு எரியாதா?

மேலாளர் கார்டர் விட்லாக் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தானே இறங்கி லென்னின் அறைக்கு வந்தார். அரங்கத்துக்கு அடியில் ஜன்னலே இல்லாத அறை அது. விட்லாக்குக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"ஹோல்டுக்கு முட்டி எப்படி இருக்கு லென்?"

"எந்த முட்டி?"

"இடதுன்னு வெச்சுக்குவோமே."

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"முப்பத்தொரு வயசு ஆளு. ரெண்டு நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடுறாரு. கொஞ்சம்கூட வலிக்காதுங்கிறீங்க?"

"வலிச்சா என்கிட்ட சொல்லியிருப்பான்."

"சொல்லாம மறைக்கிறாரோ என்னவோ. வலியை யாரு அளந்து பாக்க முடியும்? யோசிச்சுப் பாருங்க. அஞ்சு மணிக்குள்ள பட்டியல் போகணுமில்ல." விட்லாக் கதவு வரை போய்த் திரும்பினார். "டோரீன் எப்படி இருக்காங்க? டயாலிசிஸ் எல்லாம் நல்லபடியா போகுதா?"

அது விசாரிப்பா மிரட்டலா என்று லென்னுக்கு இன்றுவரை தெரியாது. டோரீனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் நாற்காலியில் சாய்ந்து நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். எல்லாம் ஸ்டீமர்ஸ் கொடுத்த இன்ஷூரன்ஸ் அட்டையில் ஓடியது. அந்த ஊரில் வேலை போனால் அட்டையும் போகும். அட்டை போனால் மருத்துவமனையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அதற்குள் டோரீனுக்கு என்ன ஆகுமோ.

ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் யார் யாருக்கு எங்கே அடி, யார் ஆடுவார், யார் ஆட மாட்டார் என்று பட்டியல் போட்டு, போட்டிகளை நடத்துகிற லீகுக்கு அனுப்ப வேண்டும். இந்த அணியில் அதை அனுப்புவது லென்னின் வேலை. அடியில் அவர் பெயர் இருக்கும். அன்று நாலே முக்காலுக்கு அவர் அடித்தார்: ஹோல்ட், இடது முட்டி வலி, ஆட மாட்டார். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கழுவினார். கையில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் ஹோல்ட் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"மிஸ்டர் லென், என் முட்டிக்கு என்ன ஆச்சு? போன்ல செய்தியைப் பாத்துத்தான் எனக்கே தெரியுது."

"ரெண்டு ஆட்டம் ஓய்வு. அவ்வளவுதான்."

"யாரு சொன்னது? நீங்களா, மாடியா?"

"மாடி."

"ஓ. எங்க ஊர்ல மாட்டுக்கு ரெண்டு நாள் நல்ல தீனி போட்டுச் சும்மா வெச்சிருந்தா, மாடு சந்தோசப்படாது, பயப்படும்."

இரண்டு ஆட்டம் நாலானது, நாலு எட்டானது. ஹோல்ட் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அணி தோற்பதைப் பார்த்தார். வெளியே வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தகராறு பிடித்தவன் என்று பெயர் வரும், அந்தப் பெயரோடு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. காலையில் யாரும் வருவதற்கு முன்பே பயிற்சிக் கூடத்துக்கு வந்து தனியாக ஓடுவார், குதிப்பார், பந்து போடுவார். ஒரு தடவை லென் வாசலில் நின்று பார்த்தார். இருபத்தைந்து வயதுக்காரனின் முட்டி அது. அதைப் பார்க்க லென்னுக்குத் தாங்கவில்லை. டேப் பெட்டியை எண்ணப் போகிற மாதிரி அறைக்குள் போய்விட்டார்.

அப்புறம்தான் லென் அந்தத் தவறைச் செய்தார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. டோரீனின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கைபேசியிலேயே பட்டியலை அடித்து அனுப்பினார். இடது முட்டி என்பதற்கு வலது முட்டி என்று போய்விட்டது. லென் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாருக்கு எந்தக் காலில் எந்த விரல் உடைந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தொட்டுப் பார்த்த வீக்கத்தை அவர் விரல் மறக்காது. இங்கே விரலுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. நிஜமான அடியாக இருந்தால் அந்தத் தவறு நடந்தேயிருக்காது.

அந்த வானொலிக்காரர் பிடித்துக்கொண்டார். நேற்றுவரை இடது, இன்றைக்கு வலது, வலி வீடு மாறிவிட்டதா என்று கேலி செய்தார். லென் பதறிப்போய்ச் செய்தித் தொடர்பு அலுவலகத்துக்கு ஓடினார். திருத்தி அனுப்பிவிடலாம் என்றார். அங்கே இருந்த பெண் அதற்குள் பதில் அனுப்பிவிட்டிருந்தாள்: ஹோல்டுக்கு இரண்டு முட்டியிலும் வலி இருக்கிறது, அணி கவனித்து வருகிறது.

விட்லாக்குக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "இதுவும் நல்லதுதான் லென். இனிமே அப்படியே எழுதுங்க," என்றார். ஒரு முட்டிக்குப் பொய் சொல்லப் போய் இரண்டு முட்டிக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஏழு பட்டியலிலும் இரண்டு முட்டி என்றே போனது.

மாதக் கடைசியில் ஹோல்ட் லென்னின் மேசைமேல் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேற்குக் கரைல ஒரு டீம் என்னைப் பத்தி விசாரிச்சுக்கிட்டு இருக்குன்னு என் ஏஜென்ட் சொல்றான். நல்ல டீம். இறுதிச் சுற்றுக்குப் போற டீம். மார்ச் ஒண்ணாம் தேதிக்குள்ள இங்கேர்ந்து என்னை விடுவிச்சா அங்க போய் ஆடலாம். விட்லாக்கும் விட்டுடறேன்னுட்டாரு."

"நல்லதாப் போச்சு."

"ஆனா அங்க ரெண்டு பேரைப் பாத்துக்கிட்டு இருக்காங்களாம். நானு, இன்னொருத்தன். உங்க சிநேகிதர் மிஸ்டர் சால் அங்கதானே பிசியோவா இருக்காரு? அவரு உங்களைக் கேப்பாராம். மிஸ்டர் லென், நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

"சொல்றேன்."

அதை லென் மனதாரச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைப்பு வந்தது. தவக்காலம், வெள்ளியன்று இறைச்சி கிடையாது. செயின்ட் காசிமிர் கோயில் கூடத்தில் மீன் வறுவல் வாங்கிக்கொண்டு லென் காருக்குத் திரும்பியிருந்தார். டோரீன் பக்கத்து இருக்கையில் இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரின் ஒலிபெருக்கியிலேயே சால் மரீனோ பேசினார். லென்னும் அவரும் ஒரே வருடத்தில் தொழிலுக்கு வந்தவர்கள்.

"டேய் லென், உயிரோட இருக்கியா? உங்க டீமைப் பாத்தா துக்கம் விசாரிக்கத்தான் வரணும்போல இருக்கு."

"மாலை வாங்கிட்டு வா. என்ன விஷயம், சொல்லு."

"ஹோல்ட். அவன் முட்டி எப்படி?"

லென் கார்க் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா இருக்கு சால். ரெண்டும் நல்லா இருக்கு. ஒண்ணுமே இல்ல. எப்பவும் ஒண்ணும் இருந்ததில்ல."

அந்தப் பக்கம் சால் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பதினேழு தடவை எழுதியிருக்கியேடா."

"தெரியும்."

"மாடியா?"

"ஆமா."

"சரி. நான் நம்பறேன். நீ சொன்னா நம்பறேன்," என்றார் சால். "ஆனா இதை எங்க மாடிக்கு எப்படிடா எடுத்துட்டுப் போறது? அவங்க கையில உன் காகிதம் இருக்கு. ரெண்டு முட்டியும் போன ஆளுன்னு இருக்கு. முட்டி நல்லாருக்குன்னு நான் சும்மா சொன்னா, இன்னொருத்தனை எடுத்துட்டுப் போயிடுவாங்க. எழுதினது பொய், எழுதினவனே என்கிட்ட ஒத்துக்கிட்டான்னு சொன்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க. அதைச் சொன்னா அது லீகுக்குப் போகும். உன் லைசென்ஸ் போகும், வேலை போகும். அதான் கேக்கறேன். உன் பேரைச் சொல்லட்டுமா?"

லென் டோரீனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பாக்காத லென்னி," என்றாள் டோரீன். அவள் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்த இடத்தைச் சட்டைக் கை மூடியிருந்தது.

ஹோல்ட் நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தவர். டோரீனால் எழுந்து நிற்க முடியவில்லை என்று தெரிந்ததும் அடுப்படிக்குள் புகுந்து பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்துவிட்டுப் போனவர். லென்னுக்கு அது ஞாபகம் வந்தது. மருத்துவமனையில் சொன்னதும் ஞாபகம் வந்தது, கோடைக்குள் உங்கள் முறை வரலாம் என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மனிதர் நின்றார்.

"லென்? இருக்கியா?"

"என் பேரைச் சொல்லாத," என்றார் லென்.

"அப்போ இது நடக்காதுடா."

"தெரியும் சால்."

சால் திட்டவில்லை. டோரீனை விசாரித்துவிட்டுத்தான் வைத்தார். திட்டியிருந்தால் லென்னுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போனார்கள். டோரீன் மீனை அடுப்பில் சூடாக்கி எடுத்து வைத்தாள், சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவினார்கள். துண்டில் கையைத் துடைக்கும்போது அவள், "நான் ஏதாவது சொல்லியிருக்கணும். என்ன சொல்றதுன்னு தெரியல," என்றாள். அவளுக்கும் உயிர் மேல் ஆசை இருந்தது. அதற்காக அவளை யார் என்ன சொல்ல முடியும்?

மார்ச் ஒன்று வந்தது, போனது. மேற்குக் கரை அணி இன்னொருவரை எடுத்துக்கொண்டது. ஹோல்டை வேறு யாரும் கூப்பிடவில்லை. ஸ்டீமர்ஸ் இன்னும் மூன்று ஆட்டம் தோற்றது. விட்லாக் நடைக்கூடத்தில் லென்னைப் பார்த்து, அடுத்த மூன்று வருடத்துக்கு உங்கள் வேலை ஒப்பந்தக் காகிதம் தயாராகிறது, நீங்கள் எங்கேயும் போய்விடக் கூடாது என்று தோளைத் தட்டினார். நன்றி என்று சொன்ன குரல் லென்னுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் ஹோல்ட் லென்னின் அறைக்கு வந்தார். பயிற்சி உடுப்பில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். ஏறும்போது ஒரு கையை ஊன்றி ஏறினார். லென் அதைக் கவனித்தார்.

"மிஸ்டர் லென், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

லென் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். சால் பேசியது தெரிந்துவிட்டது என்றே நினைத்தார். தெரியட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது.

"கேளு."

"என் முட்டில நெசமாவே ஏதாவது இருக்கா? எனக்குச் சொல்ல வேணாம்னு நீங்கல்லாம் மறைச்சு வெச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"சும்மா எழுதறாங்கன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா இத்தனை டீம் இருக்கு, ஒருத்தன்கூடவா கூப்பிட மாட்டான்? எல்லாருக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலைன்னு தோணுது." ஹோல்ட் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். "இப்பல்லாம் வலிக்குது மிஸ்டர் லென். முதல்ல இடதுல ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டுலயும். படி ஏறும்போது கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஏறுறேன். காலைல பந்து போட வந்தேன், குதிக்கப் பயமா இருக்கு."

லென் குனிந்து இடது முட்டியைப் பிடித்தார். முட்டிச் சிப்பியை அசைத்தார், உள்பக்கமும் வெளிப்பக்கமும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், காலை மடக்கி நீட்டினார். வீக்கம் இல்லை. சூடு இல்லை. ஓர் எலும்பின் மேல் இன்னோர் எலும்பு எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வலதும் அப்படியே. ஆனால் அவர் விரல் போய்ச் சேருவதற்கு முன்பே ஹோல்டின் தொடை விறைத்தது, முகம் சுளித்தது. நடிப்பு இல்லை. நிஜமாகவே வலித்தது.

"ஒண்ணும் இல்ல ஹோல்ட். என் பேச்சை நம்பு. உன் முட்டி நல்லா இருக்கு."

"அப்படின்னா ஏன் எழுதினீங்க?"

"மாடி சொல்லித்தான் எழுதினேன். உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். விட்லாக் எழுதியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்," என்றார் ஹோல்ட். அவர் குரலில் கோபமே இல்லை. "ஆனா எழுதினது நீங்க. மிஸ்டர் லென் ஒண்ணுமில்லாம எழுத மாட்டாருடா, ஏதோ இருக்கு, உன்னைப் பயமுறுத்த வேணாம்னு சொல்லாம இருக்காருன்னு எங்கம்மாகூட சொல்லுது."

சாலிடம் பேசியதை அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று லென் வாயைத் திறந்தார். நான் உன்னை விற்றுவிட்டேன், உன் முட்டிக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் எல்லாம் இற்றுப் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவர் வெளியே போய்ச் சொல்வார். சொல்லத்தான் செய்வார், ஏன் சொல்லக் கூடாது? அன்று மத்தியானம் ஒரு மணிக்கு டோரீனை நாற்காலிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. லென் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எதுல ரொம்ப வலி?"

"ரெண்டுலயும்தான்."

லென் மூலையிலிருந்த இயந்திரத்துக்குப் போய் இரண்டு பையில் ஐஸை அள்ளிக்கொண்டு வந்தார். முட்டிக்கு ஒன்றாக வைத்து, மேலே துணிப்பட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இரண்டாவது முட்டியில் பட்டியை அவிழ்த்து இன்னொரு தடவை சுற்ற வேண்டியிருந்தது. ஹோல்ட் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபது நிமிஷம் அப்படியே இரு," என்றார் லென்.

"ம்." கொஞ்ச நேரம் கழித்து ஹோல்ட் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இப்ப தேவலை மிஸ்டர் லென்."